வேகத்தைத் தள்ளிப்போட்டால் குதிரையின் கால் தப்புமா?

புரவிநேசன்:
இரண்டு வயதுக் குதிரையைப் பயிற்சிக்கு எடுத்ததும் மாதக்கணக்கில் மெதுவாக மட்டுமே ஓட்டிக்கொண்டிருப்பதும், பந்தயம் நெருங்கும்போது திடீரென வேகம் கேட்பதும் இன்னும் பல லாயங்களில் நடக்கிறது. வேகத்தைத் தள்ளிப்போடுகிறவரை கால் பத்திரம் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைதான் கால்களை உடைக்கிறது என்பேன்.

முன்காலில் முழங்காலுக்கும் கணுமூட்டுக்கும் நடுவே இருக்கும் குழலெலும்பை எடுத்துக்கொள்ளுங்கள். குதிரை மெதுவாகப் போகும்போது அதன் முன்பக்கம் இழுபடுகிறது; பந்தய வேகத்தில் அதே முன்பக்கம் நசுங்குகிறது. விசையின் திசையே மாறிவிடுகிறது. எலும்பு தன்மேல் விழும் விசைக்கு ஏற்றபடிதான் தன்னைக் கட்டிக்கொள்ளும். ஆகவே மெது ஓட்டத்திலேயே வளர்ந்த எலும்பு, பந்தயத்தில் வராத ஒரு விசைக்குத் தயாராகி நிற்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டேவிட் நுனமேக்கர் குழுவினர் இளங்குதிரைகளின் ஷின் வலியை (இந்தக் குழலெலும்பின் முன்பக்கத்தில் வரும் வலியை) ஆராய்ந்து சொன்னது இதுதான்: நீண்ட மெது ஓட்டத்தைக் குறையுங்கள், குறுகிய வேக ஓட்டத்தைத் தொடக்கத்திலேயே அடிக்கடி கொடுங்கள். வாரம் இருமுறை, ஓட்டத்தின் கடைசி ஒரு ஃபர்லாங் (சுமார் 200 மீட்டர்) மட்டும் 15 நொடியில். குதிரை அதற்குப் பழகிய பிறகு இரண்டு ஃபர்லாங். எந்த நாளிலும் திடீர்த் தாவல் கிடையாது.

பழைய லாயம்:
தம்பி, தாளில் 15 நொடி என்று எழுதுவது எளிது. விடியற்காலையில் பக்கத்தில் இன்னொரு குதிரை பாய்வதைப் பார்த்ததும், இரண்டு வயதுக் குட்டி கடிவாளத்தை இழுத்துக்கொண்டு 12 நொடியில் போய்விடும். மேலே உட்கார்ந்திருப்பவர் கைதேர்ந்தவராக இல்லாவிட்டால் நீங்கள் சொல்லும் ‘அளவான வேகம்’ அன்றைக்கே பந்தயமாகிவிடும். நல்ல சவாரிக்காரர்கள் எத்தனை லாயங்களில் இருக்கிறார்கள்? மெது ஓட்டத்தில் தவறு நடந்தாலும் குதிரை பிழைத்துக்கொள்ளும். வேக ஓட்டத்தில் ஒரு தவறு போதும். எங்கள் தலைமுறை வேகத்தைத் தள்ளிவைத்தது அறியாமையால் அல்ல.

எலும்பியல் மாணவி:
ஐயா சொல்லும் ஆபத்து உண்மையானது. 15 நொடிக்கும் 12 நொடிக்கும் உள்ள வித்தியாசம் கேட்பதற்குச் சிறிதாகத் தெரியும். கணக்குப் போட்டால் நொடிக்கு ஏறக்குறைய 13 மீட்டரிலிருந்து 17 மீட்டருக்குப் போகிறது.

ஆனால் எலும்பு வளர எத்தனை தடவை விசை விழ வேண்டும் என்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரூபினும் லேன்யனும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், சேவலின் இறக்கை எலும்புக்கு நாள்தோறும் குறிப்பிட்ட தடவை விசை கொடுத்துப் பார்த்தார்கள். 36 தடவைக்கே எலும்பு முழுதாக வளர்ந்தது. 1,800 தடவை கொடுத்தும் அதற்கு மேல் வளரவில்லை. பாயும் குதிரை ஒரு எட்டு எடுத்து வைத்தால் சுமார் 7 மீட்டர். ஒரு ஃபர்லாங் 201 மீட்டர். அதாவது ஏறக்குறைய 30 எட்டுகள். எலும்புக்குச் செய்தி சொல்ல ஒரு ஃபர்லாங்கே கிட்டத்தட்டப் போதும் என்று இதிலிருந்து ஊகிக்க இடமிருக்கிறது. அதற்குப் பிறகு ஓடும் ஒவ்வொரு எட்டும் தேய்மானக் கணக்கில்தான் சேரும்.

பழைய லாயம்:
சேவலின் இறக்கையை வைத்து 450 கிலோ குதிரைக்குப் பாடம் எடுக்கிறீர்கள், அம்மா. பாய்ச்சலில் ஒரு முன்கால் தன் முறை வரும்போது உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு தாங்குகிறது. அதோடு, எலும்பை மட்டும் பேசுகிறீர்களே, முன்காலின் பின்புறத் தசைநாண் என்னவாயிற்று? அது வீங்கிப் போன குதிரையை எத்தனை மாதம் கட்டிவைத்தாலும் பழைய காலாகத் திரும்புவதில்லை.

எலும்பியல் மாணவி:
தசைநாண் விஷயத்தில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். எலும்பு எந்த வயதிலும் தன்னை மாற்றிக்கொள்ளும். தசைநாண் அப்படியல்ல, வளர்ச்சி முடிந்த பிறகு பயிற்சியால் அது வலுப்படுகிறது என்பதற்கு ஆதாரம் மிகக் குறைவு. பாய்ச்சலில் அது அறுந்துபோகும் எல்லைக்கு மிக அருகில்தான் வேலை செய்கிறது. அதன் நடுப்பகுதி 45 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுவதை அளந்திருக்கிறார்கள். எனவே அதைக் காக்க ஒரே வழி, மொத்த வேகத் தூரத்தைக் குறைவாக வைத்திருப்பது.

புரவிநேசன் சொல்வது ஒரு ஃபர்லாங், இரண்டு ஃபர்லாங் என்ற அளவில் நிற்கும்வரை சரி. பிரிட்டனில் பந்தயக் குதிரைகளின் அன்றாட ஓட்டத்தைக் கணக்கெடுத்தபோது, 30 நாளில் 44 கிலோமீட்டருக்கு மேல் கேன்டரும் (மிதமான ஓட்டமும்) 6 கிலோமீட்டருக்கு மேல் பாய்ச்சலும் சேர்ந்து ஓடிய குதிரைகளுக்கு எலும்பு முறிவு ஆபத்து தெளிவாகக் கூடியது. இரண்டும் சேரும்போதுதான் கேடு. வேகத்தைக் கூட்டுகிறவர்கள் கேன்டரை வெட்ட மறந்துவிடுகிறார்கள்.

மலைப்பாதை:
ஏன் இரண்டுக்கும் நடுவே ஒரு வழியைப் பேச மறுக்கிறீர்கள்? மேட்டில் ஏற்றுங்கள். இதயமும் நுரையீரலும் முழு வேலை செய்யும், வேகம் குறைவாகவே இருக்கும், முன்கால் சுமை பின்காலுக்கு நகரும். ஜப்பானின் ரிட்டோ பயிற்சி மையத்தில் மேட்டுப் பாதையிலேயே உரமேற்றிய மிஹோனோ போர்பன் என்ற குதிரை 1992இல் சட்சுகி ஷோ, ஜப்பானிய டெர்பி என்ற இரண்டு பெரிய பந்தயங்களையும் வென்றது.

புரவிநேசன்:
அதே குதிரை அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் கிகுகா ஷோ பந்தயத்தில் இரண்டாவதாக வந்தது. பிறகு கால் காயத்தால் மீண்டும் களத்துக்கு வரவே இல்லை. ஒரு குதிரையை வைத்து மேட்டுப் பாதையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மேடு குழலெலும்புக்குப் பந்தய வேகத்தின் விசையைக் காட்டுவதில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். மூச்சைக் கட்ட மேடு நல்லது. எலும்பைக் கட்ட சமதளத்தில் வேகம் வேண்டும்.

நெடுஞ்சவாரி:
ஓய்விலிருந்து திரும்பும் குதிரையைப் பற்றி யாருமே பேசவில்லையே. எனக்கு அதுதான் பெரிய கவலை. கடும் பயிற்சியின்போது எலும்பு தன் பழுதுபார்க்கும் வேலையைத் தள்ளிவைக்கிறது. ஓய்வு கிடைத்ததும் தொடங்குகிறது. முதலில் சேதமான பகுதியை அரித்தெடுக்கும். அதற்குச் சில வாரங்கள். பிறகு புது எலும்பை நிரப்பும். அதற்குச் சில மாதங்கள். நடுவில் இருக்கும் காலத்தில் எலும்பு முன்பைவிட நலிவாக இருக்கிறது. தோள்பட்டைக்குக் கீழே மேற்கை எலும்பு முறிகிற குதிரைகளில் பல, ஓய்வு முடிந்து திரும்பிய சில வாரங்களில்தான் முறிகின்றன. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தோல் பளபளக்கும், தீனி நன்றாகத் தின்னும், மூச்சு வேகமாகத் திரும்பிவிடும். அந்த மூச்சைப் பார்த்துத்தான் பயிற்சியாளர்கள் ஏமாறுகிறார்கள். இந்தக் குதிரைக்கும் வாரம் இருமுறை வேகமா, புரவிநேசன்?

புரவிநேசன்:
இல்லை. நீண்ட ஓய்வுக்குப் பின் நானும் முதலில் நடையும் ட்ராட் என்னும் சிற்றோட்டமும் கேன்டரும்தான் கொடுப்பேன். வேகம் ஒரு ஃபர்லாங்கிலிருந்து மறுபடியும் புதிதாகத் தொடங்க வேண்டும், விட்ட இடத்திலிருந்து அல்ல. அதனால்தான் சின்ன வலிக்கெல்லாம் குதிரையை மாதக்கணக்கில் லாயத்தில் அடைப்பதை எதிர்க்கிறேன். அடைத்துவைக்கும் ஒவ்வொரு வாரமும் எலும்பு தான் கற்றதை இழக்கிறது.

பழைய லாயம்:
அடைப்பதை நானும் விரும்பியதில்லை. ஆனால் வேகம் கொடுத்த மறுநாள் காலையில் காலைத் தொட்டுப் பார்க்காமல் அடுத்த வேகத்தை முடிவுசெய்யும் எந்தத் திட்டத்தையும் ஏற்க மாட்டேன். புறங்கையைக் குழலெலும்பின் முன்பக்கத்தில் வைத்து இரண்டு கால்களின் சூட்டையும் ஒப்பிட வேண்டும். பிறகு காலைத் தூக்கி மடக்கி, கட்டைவிரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வர வேண்டும். வலிக்கும் இடம் வந்ததும் குதிரை காதைப் பின்னுக்குச் சாய்த்து, காலைச் சட்டென உருவிக்கொள்ளும். அன்றைக்கு அட்டவணையில் என்ன எழுதியிருந்தாலும் சரி, வேகம் கிடையாது. உரிமையாளர் பந்தயத் தேதியைக் காட்டினாலும் கிடையாது.

எலும்பியல் மாணவி:
ஷின் வலிக்கு அந்தக் கட்டைவிரல் போதும். கணுமூட்டுக்குள் எலும்பு நலிவது கைக்குத் தெரியாது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் கோப்பைப் பந்தயத்தில் ஓடும் குதிரைகளுக்கு 2021இல் கால்களில் சி.டி. ஸ்கேன் கட்டாயமாக்கப்பட்டது அதனால்தான். எல்லாக் குதிரைக்கும் ஸ்கேன் எடுக்க முடியாது என்பதால், நடையில் சிறு தயக்கம் தெரிந்தாலும் வலி மருந்து கொடுத்து ஓடவைக்காமல் படம் எடுத்துப் பார்ப்பதையாவது வழக்கமாக்குங்கள்.

புரவிநேசன்:
ஐயா, உங்கள் காலைச் சோதனையை என் அட்டவணையில் சேர்த்துக்கொள்கிறேன். வேக நாளுக்கு மறுநாள் சேணம் ஏற்றும் முன்பே கால் பார்க்கப்படும். சூடு இருந்தால் அந்த வாரத்தின் இரண்டாவது வேகம் ரத்து; நடையும் ட்ராட்டும் தொடரும். இப்போதாவது வாரம் இருமுறைக்குச் சம்மதமா?

பழைய லாயம்:
நல்ல சவாரிக்காரர் கையில் இருந்தால், கால் குளிர்ந்திருந்தால், சம்மதம். அந்த இரண்டு வேக நாட்களுக்கும் நடுவே குறைந்தது மூன்று நாள் இடைவெளி விடுங்கள். கேன்டர் தூரத்தைப் பாதியாக்குங்கள். அதைச் செய்யாமல் வேகத்தை மட்டும் கூட்டுகிற லாயத்துக்கு என் குதிரையை அனுப்ப மாட்டேன்.