ஆஸ்பிரேயின் இறக்கை ஏன் இவ்வளவு தடிமன்?

ஈசூன் மாணவன்:
பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். புராஜெக்டுக்காக வி-22 ஆஸ்பிரே மாதிரி ஒன்று செய்கிறேன். இறக்கை நுனிகளில் உள்ள பெரிய ரோட்டர்களை (சுழலிகளை) மேல்நோக்கி வைத்து ஹெலிகாப்டர் போல அந்தரத்தில் மிதக்கும், முன்னால் சாய்த்து விமானம் போலப் பறக்கும், அந்த விமானம்தான். அதன் இறக்கைத் தடிமன், முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையுள்ள அகலத்தில் 23 சதவீதமாம். மணிக்கு 500 கிலோமீட்டர் போகும் விமானத்துக்கு மெல்லிய இறக்கைதானே நல்லது? உள்ளே எரிபொருள் வைப்பதற்காகவா?

பழைய கியர்பாக்ஸ்காரர்:
எரிபொருளுக்காக இல்லை தம்பி, முறுக்கைத் தாங்கத்தான். இறக்கை நுனியில் அத்தனை பெரிய ரோட்டர். வேகமாகப் போகும்போது அதன் அச்சு, ஓயப்போகும் பம்பரம் போலத் தலையாட்டத் தொடங்கினால் இறக்கையும் சேர்ந்து முறுக்கும். ஒரு வேகத்துக்கு மேல் ஒவ்வொரு சுற்றிலும் ஆட்டம் வளர்ந்துகொண்டே போகும். இதற்கு வேர்ல் ஃப்ளட்டர் என்று பெயர். 1959லும் 1960லும் இரண்டு லாக்ஹீட் எலெக்ட்ரா பயணிகள் விமானங்கள் இதனால்தான் இறக்கை முறிந்து விழுந்தன. சாயும் ரோட்டரில் ஆபத்து இன்னும் அதிகம். இறக்கையை முறுக்காமல் நிறுத்த, எடை அதிகம் ஏறாத வழி, அதன் உள்ளே பாரம் தாங்கும் பெட்டி போன்ற சட்டத்தைத் தடிமனாக்குவது. அதற்கு விலை காற்றுத்தடை. வேகத்துக்கு வரம்பு வந்துவிடும்.

அப்புறம், அந்த இறக்கைக்குள் ஒரு தண்டு ஓடுகிறது. ஓர் எஞ்சின் நின்றால் மற்றது அதன் வழியாக இரண்டு ரோட்டரையும் சுற்றும். செம்பவாங் பக்கம் போகும் சினூக், அதுதான் முன்னும் பின்னும் இரண்டு ரோட்டர் உள்ள ஹெலிகாப்டர், அதன் முதுகிலும் அப்படி ஒரு தண்டு உண்டு, புளோக்கின் தாழ்வாரத்தில் நின்று பார்த்திருப்பாய். ஆஸ்பிரேயிலோ இறக்கை வளைய வளையத் தண்டும் இணைப்புகளில் வளைந்துகொடுக்க வேண்டும். ஒருமுறை அப்படிப்பட்ட இணைப்புத் தகட்டில் மயிரிழை விரிசல் பார்த்து, விடியும்வரை மற்ற எல்லாவற்றையும் கழற்றிச் சோதித்தோம். அந்த இரவை நான் மறக்கவே இல்லை. தண்டை உன் மாதிரியில் விட்டுவிடாதே.

ஈசூன் மாணவன்:
நன்றி அங்கிள். அப்படியானால் மிதக்கும்போது ரோட்டர் காற்று நேராக அந்த இறக்கை மேல்தானே அடிக்கும்?

தெம்பனிஸ் அக்கா:
அடிக்கும் தம்பி. உந்துவிசையில் ஏறத்தாழ 10 சதவீதம் அதிலேயே போய்விடும். அதனால்தான் மிதக்கும்போது இறக்கையின் பின்பகுதி கீழே மடங்குகிறது, காற்று படும் பரப்பு குறைய. அட்டையில் செய்து சமையல் தராசில் வைத்து, மேலிருந்து சின்ன மின்விசிறியால் ஊதிப் பார். மடிப்பதற்கு முன்னும் பின்னும் எடை எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துக்கொள்.

ஈசூன் மாணவன்:
செய்து பார்த்தேன் அக்கா. மடித்ததும் எண் இறங்கிவிட்டது! அங்கிள், தண்டுக்கு பித்தளைக் கம்பி வாங்கிவிட்டேன். இணைப்பை எப்படிச் செய்வது?