மறு: மறு: ஸ்டியரிங் ‘பிளே’க்குத் தமிழ்ச் சொல் – அவசரம்

அன்புள்ள குழுவினருக்கு,

ஞாயிறு வகுப்புக்கான பாடத்தாள் அச்சுக்குப் போக வேண்டும். பெங்களூரு ஜே.சி. சாலைப் பக்கம் பட்டறைகளில் வேலை பழகும் பையன்கள்தான் மாணவர்கள். வீட்டில் தமிழ், பட்டறையில் கன்னடமும் உருதும் கலந்த பேச்சு. பாடம், பழைய ஃபோக்ஸ்வேகன் கேம்பர் வேனில் ஸ்டியரிங் கோளாறைக் கண்டுபிடிப்பது.

> ‘திசைமாற்றித் தளர்வு’ போதுமே. எதற்கு இத்தனை கடிதங்கள்?

புலவர் ஐயா பொறுத்தருள வேண்டும், அது போதாது. தளர்வு என்றாலே குறை. ஆனால் ஸ்டியரிங் வட்டைத் திருப்பும்போது சாலைச் சக்கரம் அசையத் தொடங்குமுன் கை சும்மா நகரும் அந்தச் சிறு தொலைவு புது வண்டியிலும் உண்டு. அதைத் ‘தளர்வு’ என்று படித்த பையன் ஸ்பேனரை எடுத்து ஸ்டியரிங் பாக்ஸின் (வட்டின் சுழற்சியைக் கோல்களின் அசைவாக மாற்றும் பெட்டி) திருகை முறுக்குவான். அளவு மீறி முறுக்கினால் வளைவு முடிந்தும் வட்டு தானாக நடுவுக்குத் திரும்பாது. உள்ளிருக்கும் பாகங்கள் இன்னும் வேகமாகத் தேயும். ஆகவே இந்தச் சொல்லில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வண்டிக்காரர் எந்தக் குறையையும் ‘ஸ்டியரிங் ஆடுகிறது’ என்றுதான் சொல்வார். வேகம் ஏறும்போது வட்டு கிடுகிடுவென நடுங்கினால் சக்கரச் சமநிலையையும் டயரையும் பார்க்க வேண்டும். ஒரு பக்கமாக இழுத்தால் டயரின் காற்று, பிரேக், அலைன்மென்ட். நேர்ச்சாலையில் வண்டி அலைந்தாலும் முதலில் காற்றழுத்தம்தான். எஞ்சின் பின்னால் இருக்கும் உயரமான பெட்டி வண்டி அது. பக்கக்காற்று தள்ளினால் ஸ்டியரிங் என்ன செய்யும்? நடுக்கம், இழுப்பு, அலைவு ஆகிய மூன்று சொற்களிலும் நமக்குள் சண்டை இல்லை. நான்காவதான ‘பிளே’தான் பாக்கி.

அதைச் சோதிக்கும் விதத்தைப் பாருங்கள். சக்கரங்கள் தரையில் ஊன்றியிருக்க, ஒருவர் வட்டை இடமும் வலமுமாக மெல்ல அசைக்கிறார். மற்றவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டாக விரல் வைத்துப் பார்க்கிறார். 1967இல் வந்த இரண்டாம் தலைமுறை வேனில் ஓட்டுநர் முன் அச்சின் மேலேயே உட்கார்ந்திருப்பார். பாக்ஸிலிருந்து ஓர் இழுகோல் பின்னோக்கி வந்து அச்சிலுள்ள ஊசல்கோலைத் திருப்பும். அங்கிருந்து இரண்டு டை ராடுகள் சக்கரங்களுக்குப் போகும். அசைவு எந்த மூட்டில் நுழைந்து மறுபுறம் வெளிவரவில்லையோ, தேய்மானம் அங்கே. பல வேளை ஊசல்கோலின் புஷ் (அது சுழலும் உள் வளையம்) தேய்ந்திருக்கும். அதைப் பார்க்காமல் பாக்ஸைக் கழற்றிப் போடுகிறார்கள்.

மூட்டுக்குள் தொலைந்துபோகும் அந்த அசைவுக்கு நான் முன்வைக்கும் சொல் ‘வெற்றாட்டம்’. வெறுமை + ஆட்டம்: ஈறு போய், தன்னொற்று இரட்டி, ‘வெற்றிடம்’ போலப் புணர்ந்தது. ‘ஆட்டம்’ பட்டறையில் ஏற்கெனவே புழங்குகிறது. கன்னடத்தில் ‘ஆட’ இதன் உடன்பிறப்பு என்பதால் பக்கத்தில் நிற்கும் கன்னடப் பையனுக்கும் பாதி புரியும்.

> காதில் ‘வெற்றி ஆட்டம்’ என்றல்லவா விழுகிறது?

அல்சூர் அம்மா சொல்வது நியாயமான தடை. அதற்குப் புலவர் ஐயா, சங்கத் தமிழில் ‘ஆடு’ என்பதற்கே வெற்றி என்ற பொருள் உண்டு என்று தொடங்கி, ஆடல், ஆட்சி, ஆள்வினை என்று எங்கெங்கோ போய்விட்டார். விரும்பித்தான் படித்தேன். ஆனால் அச்சகத்துக்கு அது உதவாது.

ஸ்டியரிங்குக்கு, கப்பலைத் திருப்பும் ‘சுக்கான்’ என்ற சொல்லை வைக்கலாமே என்றால், அது அரபிலிருந்து வந்தது என்பதற்காக நான் அதை மறுக்கவில்லை. நம் கடலோடிகள் வாயில் புழங்கித் தமிழான சொல் அது. பட்டறையில் ஒருவரும் சொல்வதில்லை, அதுதான் காரணம். ஸ்டியரிங் ஸ்டியரிங்காகவே இருக்கட்டும்.

———

அல்சூரிலிருந்து:

தம்பி, நாளை அச்சு. தாளில் ‘வெற்றாட்டம்’ என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குள் ‘பிளே’ என்று கொடுத்துவிடுங்கள். காதில் விழும் குழப்பம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனாலும் இதைவிட நல்ல சொல் இதுவரை வரவில்லை. மற்ற மூவரும் தனிமடலில் சரி என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

———

புலவர் எழுதியது:

தம்பிக்கு, புணர்ச்சியில் குற்றமில்லை. பொருளில்தான் குற்றம். ‘வெற்று’ என்றால் பயனற்றது என்றும் ஆகும். வெற்றுரை, வெற்றாரவாரம் பாருங்கள். புது வண்டியிலும் அது உண்டு, அதைக் குறை என்று நினைக்கக் கூடாது என்று வாதாடியவர் நீங்கள். தளர்வுக்கு நீங்கள் சொன்ன அதே தடை உங்கள் சொல்லுக்கும் பொருந்தாதா? ‘இடையாட்டம்’ என்றால் எந்தப் பழியும் இல்லை. காதிலும் வெற்றி ஒலிக்காது. பெரும்பான்மை முடிவு செய்துவிட்டதென்றால் அச்சிடுங்கள், தடுக்கவில்லை. என் மறுப்பைக் குழுப் பதிவில் வையுங்கள். ஸ்டியரிங்கின் அதிர்வைத் தணிக்கும் பாகமான டாம்பருக்கு ‘அதிர்வடக்கி’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ‘அடக்கி’ எனக்கு உடன்பாடில்லை. காரணத்தைத் தனிக் கடிதத்தில் எழுதுகிறேன்.