எஸ்டீம் ராலி காரில் பேடில் ஷிஃப்ட்டரை நாமே செய்து போட முடியுமா?

சரளைப்பாதை

வணக்கம். நான் கோவைப் பக்கம். எங்களிடம் ஒரு பழைய மாருதி எஸ்டீம் இருக்கிறது, 1.3 லிட்டர் எஞ்சின், கியர் பாக்ஸ் கம்பெனியில் வந்த அதே ஐந்து கியர். ரோல் கேஜ் (பாதுகாப்புக் குழாய்க் கூண்டு), சீட், பெல்ட் எல்லாம் போட்டு ஆட்டோகிராஸ், ராலி ஸ்பிரிண்ட் போன்ற உள்ளூர்ப் பந்தயங்களில் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அடுத்த சீசனுக்குள் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் பேடில், அதாவது விரலால் இழுத்தே கியர் மாற்றும் பட்டை, வைத்துவிட வேண்டும் என்று ஆசை. சரளையில் கார் பின்பக்கம் இழுக்கும் நேரத்தில் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போக ஒரு கையை எடுக்க வேண்டியிருக்கிறது, அதுதான் பிரச்சினை. ரெடிமேட் கிட் விலையைக் கேட்டால் அந்தக் காசுக்கு இன்னொரு காரே வாங்கிவிடலாம். நண்பனின் பட்டறையில் லேத், வெல்டிங் இரண்டும் உண்டு, ஆர்டுவினோவும் (புரோகிராம் எழுதி ஓட்டும் சின்ன எலக்ட்ரானிக் போர்டு) ஓரளவுக்கு வரும். கதவுக்குப் போடும் சென்ட்ரல் லாக் மோட்டாரையோ வைப்பர் மோட்டாரையோ வைத்து கியர் ராடைத் தள்ள முடியுமா? யாராவது செய்திருந்தால் எங்கே ஆரம்பிப்பது என்று சொல்லுங்கள்.

பல்சக்கரம்

தம்பி, பேடில் என்பது வெறும் சுவிட்ச். அதை அரை நாளில் செய்துவிடலாம். அந்த சுவிட்ச் சொல்வதை உங்கள் கியர் பாக்ஸ் கேட்குமா என்பதுதான் கேள்வி, எஸ்டீம் பாக்ஸ் கேட்காது.

காரைத் தூக்கி அடியில் படுத்து, மேலே ஒருவரை கியர் மாற்றச் சொல்லிப் பாருங்கள். லீவரிலிருந்து பாக்ஸுக்குப் போவது ஒரே ராடு. லீவரைப் பக்கவாட்டில் சாய்த்தால் அந்த ராடு திரும்பும், எந்த வரிசை என்பது அப்போது முடிவாகும். முன்னும் பின்னும் ஆட்டினால் ராடு நகரும், அப்போதுதான் கியர் விழும். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போக முதலில் நியூட்ரலுக்கு வர வேண்டும், அப்புறம் ராடு திரும்ப வேண்டும், அப்புறம் எதிர்ப்பக்கம் தள்ள வேண்டும். அதாவது இரண்டு மோட்டார், இரண்டும் எங்கே நிற்கின்றன என்று சொல்ல இரண்டு சென்சார், கிளட்சை மிதிக்க மூன்றாவதாக ஒன்று. சென்ட்ரல் லாக் மோட்டாரின் இழுவை சில கிலோதான், கதவுக் கொண்டியைத் தூக்க மட்டுமே அது போதும்.

இவ்வளவும் செய்து முடித்தாலும் வேகம் வராது. உள்ளே கியர்களைச் சேர்ப்பது சிங்க்ரோ. அந்தப் பித்தளை வளையம் உரசி இரண்டு பக்கத்து வேகமும் ஒன்றான பிறகுதான் கியர் உள்ளே போகும், அதற்கு ஆகும் நேரத்தை எந்த மோட்டாராலும் குறைக்க முடியாது. அழுத்தித் தள்ளினால் வளையம்தான் தேயும். ராலி பாக்ஸில் இருப்பது டாக் வளையம்: பெரிய பற்கள், நடுவில் தாராளமான இடைவெளி. எஞ்சின் இழுவையை ஒரு கணம் வெட்டினால் கிளட்ச் இல்லாமலே அடுத்த கியர் விழுந்துவிடும். சீக்வென்ஷியல் பாக்ஸில் ஒரு டிரம் சுற்றி கியர்களை வரிசையாகப் போட்டுவிடுவதால் தள்ளுவதற்கு ஒரே திசை, இழுப்பதற்கு ஒரே திசை. பேடில் அங்கேதான் எடுபடும்.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிய பயம். ஐந்திலிருந்து நான்குக்கு இறக்கச் சொல்லும்போது ராடு கொஞ்சம் குறைவாகவோ கூடுதலாகவோ திரும்பி இரண்டில் விழுந்தால் எஞ்சின் அங்கேயே முடிந்தது. கையில் அது உறைக்கும், பாதியில் நிறுத்திவிடுவீர்கள். மோட்டாருக்கு அது தெரியாது.

காற்றழுத்தம்

பல்சக்கரம் அண்ணா சொன்னதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கையால் செய்து பார்க்கும் ஆசையை விட்டுவிட வேண்டாம், காரை மட்டும் மாற்றுங்கள். பைக் எஞ்சின் வைத்த பகி அல்லது கிராஸ் கார்ட்டில் (மண்பாதையில் ஓட்டும், குழாய்ச் சட்டத்தில் கட்டிய சின்ன வண்டிகள்) இது நன்றாகவே வேலை செய்யும், ஏனென்றால் பைக் கியர் பாக்ஸ் பிறவியிலேயே சீக்வென்ஷியல், உள்ளே டாக்தான். உங்கள் ஊர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் (கல்லூரி மாணவர்கள் தாமே கட்டிய கார்களின் போட்டி) நடக்கும்போது போய் அந்தக் கார்களை நெருங்கிப் பாருங்கள். கேடிஎம் 390 பைக் எஞ்சினும், கியர் லீவரைத் தள்ளக் காற்று சிலிண்டரும் வைத்துச் செய்தவை கண்ணில் படும், கேட்டால் சந்தோஷமாகத் திறந்து காட்டுவார்கள். நானும் கல்லூரி அணியில் இதைத்தான் பார்த்துக்கொண்டேன்.

25 மி.மீ. துளையுள்ள சிலிண்டரில் 6 பார் காற்று விட்டால் தள்ளும் விசை ஏறக்குறைய 30 கிலோ வரும். பைக் கியர் லீவருக்கு அது தாராளம். வால்வு வாங்கும்போது 5/3 (ஐந்து வழி, மூன்று நிலை), நடுநிலையில் இரண்டு பக்கமும் காற்றை வெளியே விடும் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஷிஃப்ட் முடிந்ததும் சிலிண்டர் தளர்ந்து நிற்கும், கியர் லீவரை அதன் ஸ்பிரிங்கே நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். நடுவில் காற்றை அடைத்துவைக்கும் வகையை மாட்டினால் லீவர் திரும்ப வராது, அடுத்த கியர் விழாது. இந்த சாமான்கள் எல்லாம் கோவையிலேயே கிடைக்கும், காற்று சிலிண்டர், வால்வு செய்யும் ஜனாடிக்ஸ் உங்கள் ஊர்க் கம்பெனிதானே.

காற்றுக் கணக்கைப் பலர் போடுவதில்லை. அந்த சிலிண்டரில் 40 மி.மீ. நீளத்துக்கு ஒரு தடவை தள்ள, வெளிக்காற்றாகக் கணக்கிட்டால் சுமார் 140 மில்லி போகும். 2 லிட்டர் டேங்கில் 8 பாரிலிருந்து 6 பார் இறங்குவதற்குள் 30 ஷிஃப்ட்கூட வராது. வளைவு அதிகமான ராலி ஸ்பிரிண்டில் அது பாதி வழிக்குத்தான் ஆகும், அதனால் வண்டியிலேயே ஒரு 12 வோல்ட் கம்ப்ரஸர் ஓட வேண்டும். அதை எஞ்சின் பக்கம் வைக்காதீர்கள், சூட்டில் திணறும்.

மேலே ஏற்றும்போது இக்னிஷனை வெட்ட வேண்டும், 50 முதல் 70 மில்லி விநாடி என்று வைத்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பாருங்கள். அதற்கு ரிலே வைத்தால் அதன் தாமதமே இதில் கணிசமான பங்கைத் தின்றுவிடும், மாஸ்ஃபெட் (அசையும் பாகம் இல்லாத எலக்ட்ரானிக் சுவிட்ச்) போடுங்கள். கீழே இறக்கும்போது ஆர்பிஎம் ஒரு அளவுக்கு மேல் இருந்தால் கட்டளையை ஏற்காதபடி ஆர்டுவினோவில் ஒரு வரி எழுதியே ஆக வேண்டும், இதில் சமரசம் வேண்டாம். பேடிலுக்கு மைக்ரோ சுவிட்ச் வேண்டாம், சரளைத் தூசி உள்ளே போய்க் காண்டாக்ட் அடைத்துக்கொள்ளும். 3 மி.மீ. அலுமினியத் தகட்டில் பேடிலை வெட்டி, பின்னால் ஒரு சின்னக் காந்தமும் எதிரே அதை உணரும் ஹால் சென்சாரும் வையுங்கள். ஓய்வு நிலையில் பிடித்துக்கொள்ள இன்னொரு காந்தம் வைத்தால் இழுக்கும்போது டக்கென்று விடுபடும், தடித்த கையுறையோடும் விரலுக்குத் தெரியும்.

நோட்ஸ்காரன்

நான் ஓட்டுபவன் இல்லை, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வரும் வளைவுகளைச் சொல்லும் நோட்ஸ் படிப்பவன். அங்கிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

சர்க்யூட்டில் ஸ்டீயரிங் பெரும்பாலும் அரைச்சுற்றுக்குள் அடங்கிவிடும், ராலியில் ஹேர்பின்னுக்கு (கொண்டை ஊசி வளைவு) ஒரு சுற்றுக்கு மேலேயே போகும், கைகள் மாறி மாறிப் பிடிக்கும், நடுவில் ஹேண்ட்பிரேக் வேறு இழுக்க வேண்டும். அந்த நேரத்தில் வலது பேடில் எங்கே இருக்கிறது என்று தேடுவதைவிட, எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும் லீவர் மேல். உலக ராலியிலேயே பாருங்கள்: 2011 விதிகளில் பேடில் போய் லீவர் வந்தது, 2015இல் பேடில் திரும்பியது, 2022இல் உச்சப் பிரிவான ராலி1 கார்கள் வந்தபோது மறுபடியும் லீவர், ஐந்து கியர் சீக்வென்ஷியல். அதற்கு அடுத்த பிரிவான ராலி2 கார்களிலும் லீவர்தான். அவர்களே அதை வைத்துக்கொண்டு மலைப்பாதையில் பறக்கிறார்கள்.

அப்புறம், நின்றுபோனால் என்ன செய்வது என்பதையும் யோசியுங்கள். 1989இல் ஃபெராரி முதன்முதலாக ஃபார்முலா ஒன்னில் பேடிலோடு வந்து, முதல் போட்டியையே பிரேசிலில் அதன் ஓட்டுநர் மான்செல் ஜெயித்தார். ஆனால் அந்த ஆண்டு அந்தக் கார் பல போட்டிகளை முடிக்கவில்லை, மின்சாரக் கோளாறு அதற்கு ஒரு முக்கியக் காரணம். அங்கே நின்றால் பிட்டுக்கு நடந்து வந்துவிடலாம். ராலியில் ஸ்டேஜ் (நேரம் கணக்கிடும் பந்தயப் பகுதி) முடிந்து சர்வீஸ் பார்க்குக்குப் பொதுச் சாலையில் குறித்த நேரத்துக்குள் ஓட்டிக்கொண்டு போக வேண்டும், காற்றுக் குழாய் பிய்ந்து மூன்றாவது கியரிலேயே மாட்டிக்கொண்டால் அன்றைய நாள் போச்சு. எதைச் செய்தாலும் கையால் மாற்ற ஒரு லீவர் கட்டாயம் இருக்கட்டும்.

எஸ்டீமுக்கு என் யோசனை: எஞ்சின் மவுண்ட்டை முதலில் பாருங்கள். பழைய ரப்பர் தளர்ந்திருந்தால் ஆக்சிலேட்டரை விடும்போது எஞ்சினே ஆடும், அதோடு பாக்ஸும் ஆடும், ராடு தன் இடத்தில் இருக்காது. மூன்றாவது சிக்காமல் போவதில் பாதி இதனால்தான். கெட்டியான மவுண்ட், ராடு மூட்டுகளுக்குப் புது புஷ், லீவரை உயரமாக்கி ஸ்டீயரிங்குக்கு ஒரு சாண் தூரத்தில் குமிழ் வரும்படி ஒரு பிராக்கெட். நண்பனின் லேத்தில் ஒரு வார இறுதியில் முடியும். உயரமாக்கினால் லீவர் ஆடும் தூரமும் கூடும், அதனால் கீழே ராடோடு சேரும் பக்கத்தையும் அதற்கேற்ப நீட்டுங்கள். கியர் பாக்ஸில் கை வைக்கும் முன் உங்கள் வகுப்பின் விதிகளையும் படியுங்கள், போட்டிக்கு முன் காரைச் சோதிக்கும் ஸ்க்ரூட்டினியில் திருப்பி அனுப்பினால் செலவு வீண்.

சரளைப்பாதை

மூவருக்கும் நன்றி. காரை இன்று தூக்கிப் பார்த்தோம், வலது மவுண்ட் ரப்பர் பிளந்துதான் இருக்கிறது, ராடு மூட்டிலும் நல்ல ஆட்டம். எஸ்டீமுக்கு மவுண்ட், புஷ், உயர லீவர் மட்டும். பேடிலை நண்பனிடம் கிடக்கும் 390 எஞ்சினை வைத்து ஒரு கிராஸ் கார்ட்டில் செய்யப் போகிறோம். ஒரு சந்தேகம்: பேடிலை ஸ்டீயரிங்கோடு சுற்றும்படி வைப்பதா, ஸ்டீயரிங் காலம் (column) மேல், சுற்றாமல் நிலையாக வைப்பதா?

காற்றழுத்தம்

ஸ்டீயரிங் காலம் மேல் நிலையாக வையுங்கள். சுருள் ஒயர் தேவையில்லை, ஸ்டீயரிங்கைக் கழற்றி மாட்டும்போது கனெக்டர் தொல்லையும் இல்லை. நோட்ஸ்காரன் சொன்ன தேடும் பிரச்சினைக்கும் இதுவே பதில். 2000களின் ராலி கார்கள் சிலவற்றில் வலது பக்கம் ஒரே பட்டைதான், இழுத்தால் மேலே, தள்ளினால் கீழே. அதையே செய்யுங்கள். பட்டையைக் கொஞ்சம் நீளமாக விட்டால் ஸ்டீயரிங் திரும்பியிருந்தாலும் விரல் எட்டும். பிவட்டுக்கு 6 மி.மீ. போல்ட், வெண்கல புஷ். முதல் ஓட்டத்துக்கு முன் பின்சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து எல்லா கியரும் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள், படத்தைப் போடுங்கள்.