புரோட்டோகால் செக்யூரிட்டி ஆராய்ச்சி: இதை நம்பி வேலையை விடலாமா?

பாக்கெட்பித்தன்:
மூணு வருஷமா வெப் பென்டெஸ்டிங் (வெப்சைட்ல ஓட்டை தேடிச் சொல்ற வேலை). ஒரே ரிப்போர்ட், கம்பெனி பேரை மட்டும் மாத்தி எழுதிட்டிருக்கேன். டிசிபி, டிஎன்எஸ், ஐபிவி6னு புரோட்டோகால் (கம்ப்யூட்டர்கள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற விதிமுறை) பக்கம் முழுநேரமா போயிடலாமான்னு யோசனை. "அதெல்லாம் ஒரு வேலையா?"ன்னு மேனேஜர் சிரிக்கிறார். நீங்க என்ன சொல்றீங்க?

ரூட்டர்ராசா:
மேனேஜர் சிரிச்சதுல தப்பே இல்ல. டிசிபில (டேட்டாவை வரிசை மாறாம கொண்டு சேர்க்குற புரோட்டோகால்) வர்ற சீக்வென்ஸ் நம்பரை யூகிச்சா இன்னொரு மெஷின் மாதிரி நடிக்கலாம்னு ராபர்ட் மாரிஸ் 1985லயே எழுதிட்டார் (1988ல இன்டர்நெட்ல தானா பரவுற வோர்மை விட்ட அதே ஆள்தான்). யாரும் கண்டுக்கல. 1994 கிறிஸ்மஸ் அன்னைக்கு செக்யூரிட்டி நிபுணர் ஷிமோமுராவோட மெஷின்ல அந்த வித்தையைக் காட்டிட்டாங்க. தீர்வு ஆர்எஃப்சி (இன்டர்நெட் விதிகளை எழுதி வைக்கிற ஆவணம்) எண் 1948ஆ வந்தது 1996ல, அதுவும் வெறும் தகவல் ஆவணமா. ஸ்டாண்டர்ட்ஸ் ட்ராக்ல (தரநிலைக்கான வரிசை) ஏறினது 2012, ஆர்எஃப்சி 6528. மொத்தம் 27 வருஷம்! அதுவரைக்கும் சம்பளம் யார் தருவா?

ஆழிமீன்:
ராசா, தாமதத்தை மட்டும் எண்றீங்க. சரி பண்ணின பிறகு அது எங்கெல்லாம் போய்ச் சேருதுன்னு பாருங்க. டிஎன்எஸ்ல (வெப்சைட் பேரை ஐபி முகவரியா மாத்துற சேவை) ஒரு கேள்விக்கு 16 பிட் ஐடி, அதாவது 65,536 வாய்ப்பு. அந்த ஐடியை யூகிச்சு, நிஜ பதிலுக்கு முன்னாடி அனுப்புற போலி பதில் ஒருதடவை தோத்தா, கேஷ் (சேமிச்சு வச்ச பதில்) காலாவதி ஆகுற வரைக்கும் காத்திருக்கணும், அதனால பயமில்லன்னு நினைச்சாங்க. ஆராய்ச்சியாளர் டான் காமின்ஸ்கி காத்திருக்கவே இல்ல. இல்லாத பேரா ஒண்ணு மாத்தி ஒண்ணு கேட்டுட்டே போனார். ஒவ்வொரு பேருக்கும் புது ஓட்டப்பந்தயம், எதுல ஜெயிச்சாலும் மொத்த டொமைனும் கையில. 2008 ஜூலை 8, பல நிறுவனங்கள் ஒரே நாள்ல பேட்ச் (ஓட்டையை அடைக்கிற அப்டேட்) விட்டாங்க. பக் பவுண்டில (ஓட்டை சொன்னா பரிசுப் பணம்) இப்படி ஒரு நாள் வருமா?

ரூட்டர்ராசா:
வராதுதான். ஆனா அந்த பேட்ச் என்ன? கேள்வி கிளம்புற சோர்ஸ் போர்ட் நம்பரையும் ரேண்டம் ஆக்குறது. டேனியல் பெர்ன்ஸ்டைன் தன்னோட டிஜேபிடிஎன்எஸ்ங்கிற டிஎன்எஸ் மென்பொருள்ல பல வருஷம் முன்னாடியே செஞ்சது. அப்போ யார் கேட்டாங்க? ஆயிரத்துல ஒரு காமின்ஸ்கியைக் காட்டி இந்தத் தம்பியைக் கிணத்துல தள்ளாதீங்க.

கேபிள்கிழவன்:
ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கப்பா. நான் இதுல பாதி வாழ்க்கையைக் கழிச்சவன். "புரோட்டோகால் ஆராய்ச்சியாளர்"னு போர்டு மாட்டின நாற்காலி ரொம்பக் கம்மி. ரூட்டர் தயாரிக்கிறவங்களோட செக்யூரிட்டி டீம், பிரவுசர் டீம், டிஎன்எஸ் நடத்துற நிறுவனம், பல்கலைக்கழகம், இங்கதான் இந்த வேலை ஒளிஞ்சிருக்கும்.

பாராட்டுக்கு ஏங்கினா வராதீங்க. ஒருதடவை ஒரு நெட்வொர்க் பெட்டியில இருந்த ஐசிஎம்பி (நெட்வொர்க் பிழைச் செய்தி அனுப்புற புரோட்டோகால்) ஓட்டை ஒண்ணை அதைத் தயாரிச்சவங்ககிட்ட சொன்னேன். பிழைச் செய்திக்குள்ள பழைய டிசிபி ஹெடர்ல இருந்து முதல் 8 பைட் வரும்: ரெண்டு போர்ட், ஒரு சீக்வென்ஸ் நம்பர். அந்தப் பெட்டி போர்ட்டை மட்டும் பாத்துட்டு கனெக்‌ஷனை அறுத்துடும், சீக்வென்ஸ் நம்பரை ஏறெடுத்தும் பாக்காது. "ஸ்பெக்ல பாக்கச் சொல்லலையே"ன்னு பதில். 14 மாசம் கழிச்சு ரிலீஸ் நோட்ல "நிலைத்தன்மை மேம்பாடு"ன்னு ஒரு வரி. அவ்வளவுதான்.

ஆனா இதுல ஒரு ருசி இருக்கு. வைஃபை கிராக் (KRACK) தாக்குதல் தெரியும்ல, 2017? அதைக் கண்டுபிடிச்ச மேத்தி வான்ஹூஃப் வேற ஒரு கட்டுரையை முடிக்கிற அவசரத்துல ஓபன்பிஎஸ்டிங்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்தோட கோடைப் பாத்துட்டிருந்தார். என்கிரிப்ஷன் சாவியைப் பொருத்துற ஃபங்ஷன் ரெண்டு தடவை கூப்பிடப்பட்டா என்ன ஆகும்னு ஒரு கேள்வி. டபிள்யூபிஏ2 (வைஃபை பாதுகாப்பு முறை) ஹேண்ட்ஷேக் பாதுகாப்பானதுன்னு கணித நிரூபணமே இருந்துச்சு. சாவியை எப்போ பொருத்தணும்ங்கிறது மட்டும் அதுல இல்ல.

ஆழிமீன்:
கிழவரே, அந்தப் பெட்டி எதுன்னு சொல்ல மாட்டீங்களே :)

கேபிள்கிழவன்:
மாட்டேன். தம்பி, வேலையை விடாதீங்க. ஒரே ஒரு ஆர்எஃப்சியை எடுத்து, "கூடாது"ன்னு எழுதியிருக்கிற இடத்துல எல்லாம் செஞ்சு பாருங்க. ஐஇடிஎஃப்ல (இந்த ஆர்எஃப்சிகளை உருவாக்குற அமைப்பு) எழுத உறுப்பினர் கட்டணம் கிடையாது, வாசல் திறந்துதான் இருக்கு.

பாக்கெட்பித்தன்:
நேத்து ராத்திரி அந்த 8 பைட் விஷயத்தை ஸ்கேப்பில (பாக்கெட்டை நாமே தயாரிச்சு அனுப்புற டூல்) செஞ்சு பாத்தேன். பரண்ல கிடந்த என்னோட பழைய ரூட்டர்தான். சீக்வென்ஸ் நம்பர்ல வெறும் பூஜ்யம் போட்டேன். டெல்நெட் செஷன் பட்டுன்னு அறுந்துடுச்சு.

ரூட்டர்ராசா:
எந்த ஃபர்ம்வேர்? பாக்கெட்டுகளைப் பதிவு பண்ணின பிகேப் ஃபைல் வச்சிருக்கீங்களா?