டிரிஃப்ட் காருக்கு நைட்ரஸ்: தேவையா, வீண் வம்பா?

ரியர்வீல்_ராஜா:
டிரிஃப்டுக்கு (பின் சக்கரத்தை வழுக்கவிட்டு வளைவில் பக்கவாட்டாக ஓட்டுவது) வைத்திருக்கும் கார் நிசான் எஸ்13, இன்ஜின் எஸ்ஆர்20. போன சீசன் முடிந்ததும் பெரிய டர்போ மாட்டினேன். மேலே பவர் கொட்டுகிறது, ஆனால் 4500 ஆர்பிஎம்முக்குக் கீழே இன்ஜின் தூங்குகிறது. ஒரு வளைவிலிருந்து அடுத்ததுக்குத் திருப்பிப் போடும்போது ஆர்பிஎம் விழுந்தால் அவ்வளவுதான், பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) வருவதற்குள் கார் நேராகிவிடுகிறது. 75 குதிரைத்திறனுக்கு ஒரு வெட் கிட் (நைட்ரஸ் ஆக்சைடோடு அதற்கான பெட்ரோலையும் இன்ஜினுக்குள் தெளிக்கும் செட்) போட்டு, டர்போ எழும் வரைக்கும் மட்டும் நைட்ரஸ் அடிக்கலாம் என்று நினைக்கிறேன். யாராவது டிரிஃப்ட் காரில் வைத்து ஓட்டியிருந்தால் சொல்லுங்கள்.

பழைய_பிஸ்டன்:
வேண்டாம் தம்பி. நைட்ரஸ் நேர்கோட்டில் ஓடுகிறவனுக்கு. அவன் ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்துவிட்டு கோட்டைத் தாண்டும் வரை காலை எடுக்க மாட்டான். டிரிஃப்டில் கால் எங்கே நிற்கிறது? பாதி, முக்கால், முழுசு, திரும்பப் பாதி, நடுவில் ஒரு கிளட்ச் கிக் (கிளட்சைச் சட்டென்று மிதித்து விடுவது), ஒரு ஹேண்ட்பிரேக். பெடல் முழுசாக மிதிபட்டால்தான் அடிக்கும் என்று சுவிட்ச் வைத்தால் உனக்குத் தேவையான இடத்தில் நைட்ரஸ் வரவே வராது. சரி, 60 சதவீதத்திலேயே அடிக்கட்டும் என்று வைத்தால், வளைவுக்கு நடுவில் நீ கேட்காத நேரத்தில் பின் சக்கரத்துக்கு ஒரு உதை விழும். அங்கே ஆங்கிள் (கார் பக்கவாட்டில் திரும்பியிருக்கும் கோணம்) கூடிப்போய் கார் சுற்றிக்கொண்டு நிற்கும்.

சோலினாய்டு_சேகர்:
அண்ணே, நீங்கள் சொல்வது பழைய சுவிட்ச் காலத்துக் கதை. இப்போது இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியூவே நைட்ரஸை ஆளும். பெடல் எவ்வளவு, ஆர்பிஎம் எவ்வளவு, எந்த கியர், பூஸ்ட் எவ்வளவு, நாலையும் பார்த்துத்தான் திறக்கும். ராஜா கேட்பது பவருக்காகவும் இல்லை, டர்போவை எழுப்ப. நைட்ரஸில் எடைக்கணக்கில் 36 சதவீதம் ஆக்சிஜன், காற்றில் 23தான். சுமார் 300 டிகிரி செல்சியஸில் அது உடைந்து ஆக்சிஜனை விடுகிறது, கூடப் பெட்ரோலும் போகிறது, எக்ஸாஸ்டில் வெப்பமும் கேஸும் கூடி டர்பைன் வேகமாகச் சுற்றுகிறது. பூஸ்ட் 1 பாரைத் தொட்டதும் பிரஷர் சுவிட்ச் நைட்ரஸை மூடிவிடும். மொத்தமே ஒரு விநாடிக்குள் முடிகிற வேலை.

பெரிய மேடையில் செய்யாததா? அமெரிக்க டிரிஃப்ட் ஓட்டுநர் வான் கிட்டின் ஜூனியர் அங்குள்ள ஃபார்முலா டிரிஃப்ட் தொடரில் ஓட்டிய மஸ்டாங்கில் டர்போ இல்லாத பெரிய வி8, அதோடு நைட்ரஸ்.

பழைய_பிஸ்டன்:
அவருக்குப் பின்னால் இன்ஜின் கட்டித்தர ஒரு கூட்டம் இருக்கிறது, பிட்டில் மாற்று இன்ஜின் இருக்கிறது. ராஜாவுக்கு என்ன இருக்கிறது?

மேலும் அது வி8. வி8-க்குக் கீழேயே டார்க் உண்டு, நைட்ரஸ் அதற்கு மேல் அலங்காரம். ராஜா அடிக்கப்போவது 3000, 3500 ஆர்பிஎம்மில். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜெட் (நைட்ரஸ் அளவைக் கட்டுப்படுத்தும் சின்னத் துளை) வழியாக ஒரு விநாடிக்குப் போகிற நைட்ரஸ் எந்த ஆர்பிஎம்மிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். ஆகவே இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் அதிகம் விழுகிறது. 100 குதிரைத்திறன் ஜெட் 7000 ஆர்பிஎம்மில் கூட்டுவது சுமார் 100 நியூட்டன் மீட்டர், அதே ஜெட் 3000-இல் கூட்டுவது 237. நீங்கள் 75 போட்டாலும் விகிதம் அதேதான். அந்த அடி முழுவதும் கனெக்டிங் ராடு மேல்தான் இறங்கும்.

சோலினாய்டு_சேகர்:
கணக்கு சரி. அதனால்தான் 75 வேண்டாம், 35-இல் தொடங்கு என்று நானே சொல்ல வந்தேன். டர்போவை எழுப்ப அது போதும். 3500-க்குக் கீழே திறக்கவே கூடாது என்று ஈசியூவில் பூட்டிவிட்டால் ராடு பயமும் குறையும். டைமிங்கை (ஸ்பார்க் விழும் நேரத்தை) 50 குதிரைத்திறனுக்கு 2 டிகிரி பின்னால் இழுப்பது எல்லாரும் செய்கிற வழக்கம், 35-க்கு ஒன்றரை இழுத்து வைத்தால் சரியாக இருக்கும்.

அண்ணே, உதை பற்றிச் சொன்னீர்களே, லேக் (பூஸ்ட் வரும் தாமதம்) இருக்கிற காரில்தான் உதை. ஒன்றுமே வராது, வராது, திடீரென்று முழு பூஸ்டும் வந்து பின் டயரில் விழும். நைட்ரஸ் அந்தப் பள்ளத்தை நிரப்புகிறது. டார்க் கோடு சமமாகிறது, காலுக்கு அடங்குகிறது.

கிளட்ச்_கிக்_குமரன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். டிக்கியில் பாட்டில் வைத்தால் பின்னால் வருகிறவன் இடித்தால் வெடிக்காதா? வீட்டில் இதைத்தான் கேட்கிறார்கள்.

சோலினாய்டு_சேகர்:
நைட்ரஸ் தானாக எரியாது தம்பி, எரிகிறதை இன்னும் வேகமாக எரிய வைக்கும். பாட்டிலில் சேஃப்டி டிஸ்க் இருக்கிறது, சுமார் 200 பாரில் கிழிந்து கேஸை வெளியே விடும். ஆனால் அந்த டிஸ்கிலிருந்து காருக்கு வெளியே ஒரு குழாய் போக வேண்டும், இல்லாவிட்டால் மொத்த கேஸும் ஓட்டுகிறவன் இருக்கும் கேபினுக்குள் நிரம்பும். பாட்டிலை ரோல் கேஜுக்கு (கேபினைக் காக்கும் இரும்புக் கூண்டு) உள்ளே, இரும்பு பிராக்கெட்டில் போல்ட் போட்டுக் கட்ட வேண்டும். ஃபிட்டிங்கில் எண்ணெய், கிரீஸ் எதுவும் படக்கூடாது. பாட்டிலைச் சூடாக்க தெர்மோஸ்டாட் உள்ள ஹீட்டர் மட்டும்தான். நெருப்பு காட்டிச் சூடாக்கிப் பாட்டில் வெடித்துச் செத்தவர்கள் உண்டு, வீட்டில் கேட்பது நியாயமான கேள்வி.

பழைய_பிஸ்டன்:
பாட்டில் விஷயத்தில் இன்னொன்று. உள்ளே இருப்பது திரவம், அதை உறிஞ்ச அடியில் ஒரு வளைந்த குழாய். நேர்கோட்டுக் காரில் திரவம் எப்போதும் பின்பக்கம் ஒதுங்கும், குழாயைப் பின்பக்கம் பார்த்து வைத்தால் முடிந்தது. டிரிஃப்ட் கார் இடது, வலது, இடது என்று வீசுகிறதே, திரவம் எந்தப் பக்கம் ஒதுங்கும்? பாட்டில் பாதி காலியானதும் குழாய் திரவத்துக்குப் பதில் ஆவியை உறிஞ்சும். நைட்ரஸ் குறையும், பெட்ரோல் அதே அளவு வரும், இன்ஜின் ரிச்சாகி (பெட்ரோல் அதிகமாகி) மூச்சுத் திணறும்.

வெயிலில் பிட்டில் நிற்கும்போது நேர் எதிர். 36 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவம் என்று ஒன்றே கிடையாது, பிரஷர் 72 பாருக்கு மேல் ஏறிக்கொண்டே போகும். 65 பாருக்கு டியூன் செய்த கார் முதல் ரன்னிலேயே லீன் (பெட்ரோல் போதாத நிலை) ஆகும். காலையில் போட்ட டியூன் மதியத்துக்கு ஆகாது.

ரியர்வீல்_ராஜா:
பாட்டிலை ஈரத்துணி சுற்றி நிழலில் வைக்கலாம், பாதிக்குக் கீழே போனால் மாற்றிவிடலாம். அது எனக்குப் பெரிய தலைவலி இல்லை. 35 குதிரைத்திறன் ஜெட் என்றால் 10 விநாடிக்கு 150, 160 கிராம்தானே போகும்? ஒவ்வொரு தடவையும் ஒரு விநாடி அடித்தால் 4.5 கிலோ பாட்டில் ஒரு நாள் முழுக்க வரும்.

பழைய_பிஸ்டன்:
வரும், இன்ஜின் வருமா என்பதுதான் என் கேள்வி. உன் ரெவ் லிமிட்டர் (ஆர்பிஎம் எல்லை தாண்டாமல் தடுப்பது) எந்த வகை? பெட்ரோலை நிறுத்துவதா, ஸ்பார்க்கை நிறுத்துவதா?

இதை ஏன் கேட்கிறேன் என்றால், டிரிஃப்ட் காரும் லிமிட்டரும் பிரியாத ஜோடி. வளைவு முழுக்க லிமிட்டரில் தட்டிக்கொண்டே போகிறவர்கள்தான் பாதிப் பேர். பெட்ரோலை நிறுத்துகிற லிமிட்டர் என்றால் இன்ஜெக்டர் மூடியிருக்கும், நைட்ரஸ் வந்துகொண்டிருக்கும். வெட் கிட் என்பதால் கிட்டின் பெட்ரோல் மட்டும் வரும், காற்றுக்கு உண்டான பெட்ரோல் வராது. லீன். பிஸ்டன் மேல்தளத்தில், எக்ஸாஸ்ட் வால்வு பக்கத்து ஓரம்தான் முதலில் உருகும். அப்படி ஒரு பிஸ்டனைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். முதல் ரிங் வெளியே தெரிந்தது, உருகிய அலுமினியம் ஸ்பார்க் பிளக் நுனியில் சின்னச் சின்ன மணியாக ஒட்டியிருந்தது. ஸ்பார்க்கை நிறுத்துகிற வகை இதைவிடப் பரவாயில்லை, எரியாத கலவை எக்ஸாஸ்டில் போய் வெடிக்கும், டர்போ கொஞ்சம் அடி வாங்கும், பிஸ்டன் பிழைக்கும்.

சோலினாய்டு_சேகர்:
1 பாரில் நைட்ரஸ் மூடிவிடுகிறது என்று முதலிலேயே சொன்னேனே. லிமிட்டரைத் தொடும்போது நைட்ரஸே இருக்காது. அதற்கு மேல் காப்பு வேண்டுமென்றால் லிமிட்டருக்கு 300 ஆர்பிஎம் கீழே ஈசியூ மூடட்டும்.

பழைய_பிஸ்டன்:
கிளட்ச் கிக் அடிக்கும்போது ஆர்பிஎம் எப்படி ஏறும் என்று ஈசியூவில் டேட்டா லாக் (பதிவு) எடுத்துப் பார்த்ததுண்டா? கிளட்சை மிதித்த நொடியில் இன்ஜினுக்குப் பாரமே இல்லை. 4000-இல் நைட்ரஸ் திறந்திருக்கிறது, கிளட்ச் உள்ளே போகிறது, கண் இமைப்பதற்குள் ஊசி லிமிட்டரில். பூஸ்ட் இன்னும் 1 பார் வந்திருக்காது. சோலினாய்டு (நைட்ரஸைத் திறந்து மூடும் மின்வால்வு) மூடினாலும் அதற்கும் தெளிக்கும் நாசிலுக்கும் நடுவில் உள்ள குழாயில் நிற்கிற நைட்ரஸ் எங்கே போகும்? இன்ஜினுக்குள்தான் போகும்.

சோலினாய்டு_சேகர்:
இது சரியான கேள்வி, மறுக்க மாட்டேன். கிளட்ச் பெடலில் ஒரு சுவிட்ச் வைத்து, மிதித்ததும் நைட்ரஸை மூட வேண்டும். சோலினாய்டை நாசிலுக்கு ஒட்டி, ஒரு சாண் தூரத்துக்குள் வைக்க வேண்டும். பல பேர் ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தடுப்பு) பக்கம் அழகாக மாட்டி அங்கிருந்து நீளக் குழாய் இழுப்பார்கள், அதுதான் தப்பு.

பழைய_பிஸ்டன்:
சுவிட்ச், பெடல் சுவிட்ச், பிரஷர் சுவிட்ச், ஹீட்டர், பாட்டில், குழாய், இதெல்லாம் எதற்கு? கொஞ்சம் சின்ன டர்போவாக, பால் பேரிங் வைத்தது ஒன்று மாட்டு. மேலே 50 குதிரை போகும், போகட்டும். 3500-இலேயே எழுந்துவிடும். நடுவர்கள் பார்ப்பது லைன், ஆங்கிள், ஸ்டைல். பவரை அளந்து தரும் டைனோ சீட்டை எவனும் கேட்பதில்லை.

ரியர்வீல்_ராஜா:
அண்ணே, இந்த டர்போ வாங்கியே கை காலியாகிவிட்டது, அதனால்தான் இந்தப் பேச்சே! பார்த்துவிட்டேன், லிமிட்டர் பெட்ரோலை நிறுத்துகிற வகைதான். ஈசியூவில் ஸ்பார்க்குக்கு மாற்ற வழி இருக்கிறது, இந்த வாரமே மாற்றுகிறேன். கிளட்ச் சுவிட்சும் வைக்கிறேன். ஜெட் 35தான். நான் ஓடுகிற தொடரின் விதிப்புத்தகத்தில் நைட்ரஸுக்குத் தடை இல்லை, பாட்டில் கட்டும் முறையை மட்டும் பரிசோதனையில் பார்ப்பார்கள்.

கிளட்ச்_கிக்_குமரன்:
தடை உள்ள தொடர்களும் இருக்கின்றன அண்ணா, வேறு இடத்துக்குப் போய் ஓடும்போது பாட்டிலைக் கழற்றிவிட்டுப் போங்கள்.

பழைய_பிஸ்டன்:
செய்வதென்று முடிவாகிவிட்டது, நான் தடுத்தால் நிற்கப்போகிறாயா என்ன. தனியாக ஓட்டும்போது எப்படியோ போ. டேண்டமில் (இரண்டு கார் சேர்ந்து ஓடுவது) சேஸ் (பின்னால் துரத்துவது) ஓடும்போது மட்டும் மாஸ்டர் சுவிட்சை அணைத்துவிடு. முன்னால் போகிறவன் கதவுக்கு ஓர் அடி தூரத்தில் நீ நிற்கும்போது டார்க் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க உனக்கு நேரம் இருக்காது.

சோலினாய்டு_சேகர்:
சேஸில்தான் லேக் இன்னும் அதிகம் கடிக்கும் அண்ணே. முன்னால் போகிறவன் வேகத்தைக் குறைத்தால் இவனும் காலை எடுக்கிறான், பூஸ்ட் விழுகிறது, அவன் திரும்ப மிதித்ததும் இவன் இரண்டு கார் தூரம் பின்தங்குகிறான். நான் என்றால் அங்கேதான் ஆன் செய்வேன்.

பழைய_பிஸ்டன்:
அப்படி ஆன் செய்கிறவனுக்கு முன்னால் லீட் ஓட என்னைக் கூப்பிடாதே.