மெம்பர் செக்கிங்: 'பங்கேற்பாளர் மறுநோக்கு' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். ஆய்வுச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பட்டியலில் இப்போது 'மெம்பர் செக்கிங்' (member checking) வந்திருக்கிறது. பேட்டி எடுத்த ஆய்வாளர், தான் எழுதியதையும் கொண்ட பொருளையும் பேட்டி கொடுத்தவர்களிடமே திரும்பக் காட்டிக் கருத்துக் கேட்கும் முறை இது. இதற்குக் குழுவில் அம்மா 'உறுப்பினர் சரிபார்ப்பு' என்றும் ஐயா 'படித்துக்காட்டல்' என்றும் சொன்னார்கள்.

அம்மா முன்வைத்த 'உறுப்பினர் சரிபார்ப்பு' எனக்கு ஒப்பவில்லை. எங்கள் திருவாரூர்ப் பக்கம் உறுப்பினர் என்றால் கூட்டுறவுச் சங்கத்து உறுப்பினர், இல்லையென்றால் மகளிர் குழு உறுப்பினர். பேட்டி கொடுத்தவரை அப்படி யாரும் சொல்வதில்லை. 'பங்கேற்பாளர்' புழக்கத்தில் இருக்கிறது, அதுவே போதும்.

சிக்கல் 'சரிபார்ப்பு' என்பதில்தான். ஆய்வுமுறை அறிஞர்களான லிங்கனும் கூபாவும் 1985இல் இம்முறையை ஆய்வின் நம்பகத்துக்கு மிக முக்கியமானது என்று எழுதினார்கள். பேட்டியின் எழுத்துப்படியை மட்டும் அவர்கள் சொல்லவில்லை. ஆய்வாளர் பிரித்த வகைகள், கொண்ட பொருள், வந்த முடிவு எல்லாமே தகவல் தந்தவர்களிடம் திரும்பப் போக வேண்டும் என்றார்கள். ஐயா சொன்ன 'படித்துக்காட்டல்' அழகான சொல், கிரயப் பத்திரம் எழுதுகிற இடத்தில் எல்லோரும் கேட்டதுதான். ஆனால் அது எழுத்துப்படியோடு நின்றுவிடும்.

கடைமடையில் நாற்று நடவை விட்டு நேரடி விதைப்புக்கு மாறிய விவசாயிகளிடம் பேட்டி எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். எழுத்துப்படியில் ஒரு பிழையும் இல்லை. நாம் அதற்குப் 'புதிய தொழில்நுட்பத்தை ஏற்றல்' என்று தலைப்பிட்டிருக்கிறோம். அதை அவர்களில் ஒருவரிடம் சொன்னால், "ஏத்துக்கிட்டதெல்லாம் இல்லீங்க, மேட்டூர் தண்ணி இங்க வந்து சேர்றதுக்குள்ள நாத்தங்கால் போட நேரமில்ல, நடவுக்கு ஆளும் கிடைக்கல" என்பார். அவர் சொன்னதை அவரே மாற்றவில்லை, நாம் கொண்ட பொருளைத்தான் மறுக்கிறார். 'சரிபார்ப்பு' என்றால் சரியான விடை நம் கையில் இருப்பது போலவும், அவர் டிக் அடித்தால் போதும் என்பது போலவும் ஆகிவிடுகிறது.

அதனால் 'பங்கேற்பாளர் மறுநோக்கு' என்று வைக்கலாம் என்பது என் கருத்து. யார் பார்க்கிறார் என்பது சொல்லிலேயே இருக்கிறது. 'மறு' என்பதில் மறுக்கும் உரிமையும் ஒலிக்கிறது. ஆய்வேட்டில் 'முடிவுகள் மறுநோக்குக்கு வைக்கப்பட்டன' என்று இயல்பாக எழுதலாம்.

அப்புறம், வரையறையில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: மறுநோக்கு தனித்தனியே நடக்க வேண்டும். நிலக்காரர் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது குத்தகைதாரரும் நடவுக்குப் போகிற பெண்களும் "சரிங்க" என்று தலையாட்டினால் அதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளவே முடியாது.

எழுத்துப்படியை மட்டும் காட்டும் படிநிலைக்குப் 'படித்துக்காட்டல்' என்பதையே தனிச்சொல்லாக வைத்துக்கொள்ளலாமா? ஐயா சம்மதித்தால் இரண்டையும் பட்டியலில் சேர்த்துவிடலாம்.