குடியிலிருந்து மீள்பவர்களின் குடும்பங்களுக்காக ஒரு கூடுகை: வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். என் அண்ணன் குடியை விட்டு ஏழு மாதம் ஆகிறது. முன்பு ஒருமுறை, சபையில் அவர் பெயரை ஜெபக்குறிப்பாகச் சத்தமாக வாசித்துவிட்டார்கள். அன்பினால்தான் செய்தார்கள். ஆனால் பின்வரிசையில் இருந்த அண்ணி முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அப்புறம் பல வாரம் ஆலயத்துப் பக்கமே வரவில்லை.

இப்போது எங்கள் போதகர், இப்படிப்பட்ட குடும்பங்கள் கூடுவதற்கு வாரம் ஒரு மாலை பின்னறையைத் தருகிறேன் என்கிறார். 1935இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குடியை விட விரும்புகிறவர்களுக்கான குழு. 1951இல் உருவான அல்-அனான் அவர்களின் குடும்பத்தாருக்கானது. செலிப்ரேட் ரிகவரி 1991இல் ஒரு சபைக்குள்ளேயே பிறந்தது; ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் வகுத்த, மீள்வதற்கான பன்னிரண்டு படிகளை வேத வசனங்களோடு சேர்த்து நடத்துகிறார்கள். இவற்றில் எதையாவது நடத்திய அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டா?

எனக்குப் பெரிய கவலை ரகசியம்தான். அறையில் பேசுவது சபைக்குள் பரவாமல் எப்படிக் காக்கிறீர்கள்? மீள்பவர்களும் குடும்பத்தாரும் சேர்ந்தே உட்காரலாமா, தனித்தனியாகவா? திருவிருந்தில் எல்லாருக்குமே புளிக்காத திராட்சைச் சாறு கொடுக்கிற சபைகள் உண்டு. அதை மூப்பர்களிடம் எப்படிப் பேசினீர்கள்?

ஒன்றில் மட்டும் உறுதியாக இருக்கிறோம். பல வருடம் கடுமையாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் ஜெபத்தோடு மருத்துவரும் வேண்டும்.

பொதுவில் எழுதத் தயங்குகிறவர்கள் தனிச்செய்தி அனுப்புங்கள். அண்ணியும் முதல் கூட்டத்துக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.